பதுக்கல்காரன் யார்?

தட்டுப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் கடைத்தெருவில் கூட்டம் சேருகிறது. உடனே மேலே இருப்பவர்கள் உபதேசம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். "பீதி அடையாதீர்கள், தேவைக்கு மேல் வாங்காதீர்கள்" என்கிறார்கள். யாருக்கு இந்த உபதேசம்? மாதக் கடைசியில் வெறும் பையோடு நிற்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கா? தேவைக்கே வாங்க முடியாதவர் தேவைக்கு மேல் எப்படி வாங்குவார்?

2020 மார்ச் மாதத்தை உழைப்பாளி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் அடைப்பு என்று அறிவித்தார். 130 கோடி ஜனங்களுக்குக் கொடுத்த அவகாசம் 4 மணி நேரம்! நாடெங்கும் ஜனங்கள் மளிகைக் கடைகளுக்கு ஓடினார்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி மாநில சர்க்கார் இதே காரியத்தை மறுபடியும் செய்தது. சென்னை, கோவை, மதுரை நகரங்களுக்கு 26 முதல் 4 நாள் முழு அடைப்பு என்று அறிவித்தது. 25-ஆம் தேதி கடைவீதிகளில் ஜனங்கள் முண்டியடித்தார்கள். கூட்டத்தை உண்டாக்கியது சர்க்காரின் அறிவிப்பு. பழியோ கூட்டத்தின் தலையில்!

மார்ச் 24 என்ற தேதியைக் கவனியுங்கள். அது மாதக் கடைசி. வங்கியில் பணமும் வாசலில் காரும் உள்ளவர்கள் ஒரு மாதச் சாமானை அன்றே வாங்கி அடுக்கிவிடலாம். தோட்டத் தொழிலாளிக்கோ அடுத்த மாதம் பிறந்தால்தான் சம்பளம். அதுவரை பற்று நோட்டுத்தான் கதி. பண்ணைக் கூலிக்கு அன்றன்று வேலை செய்தால்தான் அன்றன்று காசு. அந்த வேலையும் நின்றது. தோட்டங்களில்கூட ஏப்ரலில் பாதி ஆட்களை வைத்து வேலை செய்யலாம் என்றுதான் மத்திய சர்க்கார் அனுமதித்தது. மீதிப் பாதியின் அடுப்பு எப்படி எரியும் என்று யார் கேட்டார்கள்?

நாட்டில் தானியம் இல்லாமலா இந்தத் தவிப்பு? இல்லை. விதிப்படி ஏப்ரல் 1-ஆம் தேதி மத்தியத் தொகுப்பில் இருக்க வேண்டிய கையிருப்பு 210 லட்சம் டன். 2020 ஏப்ரலில் இருந்ததோ அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கு மேல். கிடங்கு நிறைந்திருந்தது, தொழிலாளியின் கைதான் காலியாக இருந்தது. 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்ததும் இப்படித்தான். அரிசி இருந்தது; வாங்கக் காசில்லை.

நீலகிரிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மலையில் விளைவது தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு. அரிசியும் பருப்பும் எண்ணெயும் பெரும்பாலும் கீழேயிருந்து லாரியில் ஏறி வர வேண்டும். 2009 நவம்பரில் பெருமழையும் மண்சரிவும் 40-க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது மலைப்பாதைகள் அறுந்தன. பாதை அடைபட்டால் கடையில் இருக்கும் சரக்குத்தான் சரக்கு. கடைக்காரர் சொல்வதுதான் விலை.

அப்படியானால் பதுக்கல்காரன் யார்? பத்துக் கிலோ அரிசி கூடுதலாக வாங்கியவரைச் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் அடைப்பு தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை; 2020 ஜூன் 5-ஆம் தேதி அதே மத்திய சர்க்கார் ஒரு அவசரச் சட்டம் போட்டது. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தைத் திருத்தி, தானியம், பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்குச் சாதாரணக் காலத்தில் இருப்பு வரம்பு கிடையாது என்றது. தானியத்தின் விலை 50 சதவீதமும், காய்கறியின் விலை 100 சதவீதமும் ஏறிய பிறகுதான் கட்டுப்பாடு பற்றி யோசிக்கலாமாம்! பத்துக் கிலோக்காரருக்கு உபதேசம். பத்தாயிரம் மூட்டைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு! செப்டம்பரில் அதுவே சட்டமும் ஆயிற்று.

அந்தச் சட்டத்தைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பியவர்கள் விவசாயிகள். டில்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். 2021 நவம்பரில் மற்ற இரண்டு வேளாண் சட்டங்களோடு இதுவும் ரத்தாயிற்று. பஞ்சாப் விவசாயியின் போராட்டம் குன்னூர்த் தொழிலாளியின் அரிசிப் பானையையும் காத்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

அந்த இக்கட்டில் ஏழையின் வயிற்றுக்குக் கைகொடுத்தது ரேஷன் கடை. 1997-இல் மத்திய சர்க்கார் ஜனங்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழகம் எல்லாருக்கும் ரேஷன் என்ற ஏற்பாட்டைக் கைவிடவில்லை. அதனால்தான் 2020 ஏப்ரலில் டோக்கன் கொடுத்து, தேதி குறித்து, அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் இலவசமாக வழங்க முடிந்தது. தன் பங்கு நிச்சயம் என்று தெரிந்த மனிதன் முண்டியடிக்க மாட்டான். பீதிக்கு மருந்து பங்கீடு, உபதேசம் அல்ல.

ரேஷன் சுருங்கினால் என்ன ஆகும்? 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய குடும்பங்களைக் கேளுங்கள். 1973-74-இல் அங்கே ரேஷன் குறைந்து, தோட்டத் தொழிலாளர் பட்டினி கிடந்தபோதும் தேயிலை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல. மழைக்காலத்துக்கு முன்பே மலையிலுள்ள ஒவ்வொரு ரேஷன் கடையிலும் இரண்டு மாதச் சரக்கு இருக்க வேண்டும். மொத்த வியாபாரிகளின் இருப்பைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். 1955 சட்டத்தைப் பெரிய கிடங்குகளின் மீது பாய்ச்ச வேண்டும். அடைப்பு என்றால் சம்பளத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 2020-இல் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இலை பறித்த தொழிலாளியின் ரேஷன் அட்டை ஊரில் இருந்தது. வயிறு இங்கே இருந்தது. இனி வேலை செய்யும் இடத்திலேயே அவருக்குப் பங்கு கிடைக்க வேண்டும்.

இவை தாமாக நடக்காது. தோட்டந்தோறும், ஊர்தோறும் கண்காணிப்புக் கமிட்டி அமைப்போம். லைன் வீட்டுப் பெண்கள் அதில் முன்னணியில் நிற்கட்டும். என்ன சரக்கு வந்தது, என்ன போயிற்று என்று கணக்குக் கேட்போம். வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் நம் எதிரி அல்ல. எதிரி வரிசையில் நிற்பதே இல்லை!