சொந்த ஊருக்கு ஒரு 'சைட் விசிட்'

போன ஞாயிற்றுக்கிழமை என் சொந்த ஊருக்குப் பைசா செலவில்லாமல் போய் வந்தேன். ஏ.ஸி. வேன், காலையில் பொங்கல்-வடை, மத்தியானம் சாம்பார் சாதம், தயிர் சாதம், போதாக்குறைக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ். மாமனார் வீட்டில்கூட இப்போதெல்லாம் இந்த உபசாரம் கிடைப்பதில்லை.

எல்லாம் ஒரு பிட் நோட்டீஸால் வந்தது. பேப்பருக்குள்ளிருந்து விழுந்த நோட்டீஸை வீட்டம்மா எடுத்துப் படித்தாள். "ஏங்க, இது உங்க ஊர்தானே?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். 'ஏரிக்கரைத் தென்றல், இயற்கை எழில், சதுர அடி 1,100 ரூபாய் மட்டுமே' என்று போட்டிருந்தது. கூடவே ஒரு படம்: நீல நிற ஏரி, அதில் அன்னப் பறவை! எங்கள் ஊர் ஏரியில் நான் பார்த்த ஒரே வெள்ளைப் பிராணி கொக்குதான்.

அம்மா மட்டும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "போய்ப் பார்த்துட்டு வாயேண்டா. ரெண்டு சென்ட் கிடைச்சாக்கூடப் போதும். கடைசிக் காலத்துல அங்க போய்க் கிடப்பேன்" என்றாள்.

குரோம்பேட்டையில் வாடகை வீட்டின் மாடிப்படியை மூட்டு வலியோடு ஏறி இறங்குகிறவள் சொல்கிறாள். தட்ட முடியுமா? வேனில் ஏறிவிட்டேன்.

வேனில் என்னோடு பன்னிரண்டு பேர். முன் சீட்டில் டை கட்டிய ஒரு பையன், மைக்கோடு. "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்தாச்சு சார். அந்தப் பக்கம் ஒரகடம், இந்தப் பக்கம் மஹிந்திரா சிட்டி. பரந்தூர்ல ஏர்போர்ட் வரப் போகுது..." என்று அடுக்கிக்கொண்டே வந்தான். எல்லாம் உண்மைதான். கிளாம்பாக்கம் 2023 டிசம்பரில் திறந்தது. பரந்தூர் அறிவிப்பு 2022-ல் வந்தது. ஆனால் இதில் எதுவுமே எங்கள் ஊரில் இல்லை! எங்கேயோ விமானம் இறங்கப் போகிறதென்றால் எங்கள் ஊரில் விலை ஏறுகிறது. ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸோ அதே இரண்டு டிரிப்தான்.

வண்டி உத்திரமேரூரைத் தாண்டியது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, கி.பி. 919, 921-ம் வருஷங்களின் குடவோலைத் தேர்தல் விதிகள், அந்த ஊர்தான். அந்தக் காலத்திலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். மெம்பராக வேண்டுமானால் வயசு 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தேன். வயசு முப்பத்தெட்டு, பாஸ். நிலம்: கால் வேலி என்றால் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். என்னிடம் இருப்பது பால்கனியில் மூன்று துளசித் தொட்டி, ஃபெயில். சொந்த மனை, அதுவும் ஃபெயில். ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் நான் தகுதி பெறவில்லை!

ஊர் வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் தூரத்துச் சித்தப்பா, வேன் ஜன்னலில் என்னைப் பார்த்துக் கிளாஸை வாயருகே வைத்தபடியே நின்றுவிட்டார். நான் குனிந்துகொண்டேன். "இதாங்க ஊர். ஜனங்க ரொம்ப சாஃப்ட்" என்று மைக்கில் அறிமுகம் செய்தான் பையன்.

இறங்கினோம். பெயரில் 'கார்டன்' இருந்தது, தரையில் ஒரு செடி இல்லை. செம்மண் கிராவல் கொட்டி மேடாக்கிய நிலத்தில் வரிசை வரிசையாக வெள்ளையும் மஞ்சளுமாகக் கல். ஆர்ச் ஒன்று. கலர் குடை ஒன்று. நான் ஆர்ச்சைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னாலிருந்த ஒற்றைப் பனைமரத்தைத்தான் பார்த்தேன். அதன் கீழேதான் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்குவார்.

நான் நின்றிருந்தது எங்கள் அரை ஏக்கர்!

2005-ல் அக்கா கல்யாணத்துக்காக அப்பா அதை விற்றார். சென்ட் 5,000 ரூபாய், ஐம்பது சென்ட், மொத்தம் இரண்டரை லட்சம். அப்போது நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். "நீதான் கணக்குப் படிக்கிறியே, சரியா இருக்கா பாரு" என்று பணத்தை என் கையில்தான் கொடுத்து எண்ணச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது. 'நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது' என்று அந்த வாரம்தான் காலேஜில் நடத்தியிருந்தார்கள். பாடத்தை மார்க்குக்காகப் படித்தால் இப்படித்தான்.

இப்போது மறுபடியும் கணக்குப் போட்டேன். அன்று விற்றது 21,780 சதுர அடி. அதே இரண்டரை லட்சத்துக்கு இன்று அதே இடத்தில் கிடைப்பது 227 சதுர அடி. ஒரு ஹாலுக்கே போதாது. அம்மா கேட்ட இரண்டு சென்ட்டுக்கு ஒன்பதரை லட்சத்துக்கு மேல் ஆகும். பத்திரச் செலவு தனி. முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம்.

நியாயமும் பேச வேண்டும். அப்பா விற்றது நஞ்சை, இவர்கள் விற்பது மனை. ரோடுக்கும் பார்க்குக்கும் இடம் விட்டிருக்கிறார்கள், அப்ரூவல் வாங்கியிருக்கிறார்கள். முன்பெல்லாம் வயலில் நாலு கல்லை நட்டால் அது 'நகர்'. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று தடை போட்ட பிறகுதான் இந்தக் கூத்து அடங்கியது. வாங்குகிறவனுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் ரோடு எத்தனை அடி என்று கேட்கும் சட்டம், இங்கே யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று கேட்பதில்லை.

நான் கேட்டேன். "தம்பி, மொத்தம் எத்தனை மனை வித்திருக்கு?"

"முக்கால்வாசி முடிஞ்சுது சார்!"

"எத்தனை வீடு கட்டியிருக்காங்க?"

பையன் சிரித்தான். "கட்டவே வேணாம் சார். சும்மா வாங்கிப் போட்டு வைங்க. அடுத்த தீபாவளிக்கு நானே நல்ல விலைக்கு வித்துத் தரேன்."

வேனில் வந்த பன்னிரண்டு பேரையும் பார்த்தேன். ஒருத்தர்கூட இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பா, தித்திப்பா என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கவில்லை. 'போட்டு வைக்க' வந்தவர்களுக்கு அதெல்லாம் எதற்கு? அவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். பெண் கல்யாணம், பையன் படிப்பு, அவரவர் பயம் அவரவருக்கு. நானே சம்பளமில்லாத எழுத்தாளன். கையில் பத்து லட்சம் இருந்தால் நானும் போட்டுத்தான் வைப்பேன்.

கூட்டம் சாம்பார் சாதத்தை நோக்கி நகர்ந்தபோது, ஆர்ச் பக்கமிருந்து செக்யூரிட்டி யூனிஃபார்மில் ஒருவர் வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இன்னா தம்பி, அடையாளம் தெரியலியா?"

மாமா! அப்பாவிடமிருந்து அந்த நிலத்தை வாரத்துக்கு எடுத்து உழுதவர். நான் கேட்கு முன் அவரே சொன்னார்: "அதே நெலம்தான் தம்பி. அப்ப ஏர் ஓட்டினேன், இப்ப மாடு ஓட்டுறேன். கல்லுங்களை மாடு வந்து சாய்ச்சிடக் கூடாதாம்."

மற்ற நிலமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இங்க மண்ணு கொட்டி மேடாக்கினாங்களா, கால்வா மேல ரோடு வந்துட்டுது. அடியில ஒரே ஒரு பைப்பு. ஏரியில தண்ணி கீது, மதகும் கீது. ஆனா கீழ் வயலுக்குத் தண்ணி போவல. மழைன்னா தேங்குது, வெயில்னா காயுது. அவன் எத்தினி போகம் பார்ப்பான்? அவனும் வித்துட்டான். அவன் வித்ததும் அவனுக்கு அடுத்தவன்..." கையால் ஒரு சீட்டுக்கட்டு சரிவதுபோல் காட்டினார்.

"உங்களுக்கு எப்படிப் போகுது மாமா?"

"பையனுக்கு ஒரகடத்துல வேலை, கான்ட்ராக்டு. பொண்ணு பார்த்தாச்சு. தனி வீடு இருக்கான்னு கேக்கறாங்க. இருக்கிற ஒத்தை ரூம்ல ஏழு பேர் இருக்கோம். கவர்மென்டு வீடு கட்டப் பணம் தருதாமே, மூணரை லட்சம்? பஞ்சாயத்து ஆபீசுல கேட்டேன். பட்டா எடுத்துனு வான்றாங்க. நெலமே இல்லாதவன் பட்டாவுக்கு எங்க போவேன்?"

2024-ல் ஆரம்பித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தைத்தான் சொல்கிறார். 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்சம் ரூபாய். நல்ல திட்டம்தான். என் பி.காம். மூளை சும்மா இருக்குமா? 360 சதுர அடி மண்ணுக்கு இந்த 'கார்டன்' விலை 3,96,000 ரூபாய். வீட்டை விட, வீடு நிற்கும் மண் நாற்பத்தாறாயிரம் அதிகம்!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் விற்றோம், கல்யாணம் நடந்தது. கம்பெனி வாங்கியது, லாபம் பார்த்தது. வேனில் வந்தவர்கள் போட்டு வைப்பார்கள், அவர்களுக்கும் ஏறும். விற்கவும் இல்லாமல், வாங்கவும் முடியாமல், ஆனால் இந்த ஊரிலேயே வாழ்ந்தாக வேண்டிய ஒரே ஆள் மாமாதான். அவர் வாழும் ஊருக்கு, வாழப் போகாதவர்கள் விலை வைக்கிறார்கள். அந்த விலையை மாடு மேய்ந்துவிடாமல் காவல் காப்பதும் அவரே.

"சார், ஃபார்ம் ஃபில் பண்ணிடுங்க. புக்கிங் பண்ணாட்டியும் பரவால்ல" என்று பையன் வந்தான். பொங்கலும் சாம்பார் சாதமும் உள்ளே இருக்கிறதே, மறுக்க முடியுமா? பெயர் எழுதினேன். தற்போதைய முகவரி எழுதினேன். 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் ஊர்ப் பெயரையே எழுதிவிட்டேன்.

பையன் படித்துவிட்டுத் திடுக்கிட்டான். "சார்... நீங்க இந்த ஊரா?"

"ஆமாம்பா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்!"

"ஏன், டிஸ்கவுன்ட் உண்டா?"

"இல்ல சார், வேன்லயே ஏத்தியிருக்க மாட்டோம். லோக்கல் ஆளுங்க யாரும் வாங்கறதில்லை."

திரும்பும்போது என் சிப்ஸ் பாக்கெட்டை மாமாவின் பேரனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னால் முடிந்த நில உச்சவரம்பு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விலையைக் கேட்கவில்லை. முதல் கேள்வியே வேறு.

"நம்ம நெலத்தைப் பார்த்தியாடா?"

"பார்த்தேம்மா."

"இப்ப என்ன போட்டிருக்காங்க?"

நெல்லா, வேர்க்கடலையா என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

"கல்லு போட்டிருக்காங்கம்மா."