அக்குள் எரிச்சலை யாரிடம் சொல்வது?

போன வருடம் எங்கள் குடும்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சீர்வரிசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த அண்ணன் மகளைப் பார்த்தேன். இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டாமல் விலகியே இருந்தன. தட்டு கனக்கிறது போலும் என்று நினைத்தேன். தட்டை இறக்கி வைத்த பிறகும் அப்படியேதான் நின்றாள். அறைக்குள் கூட்டிப்போய் என்னம்மா என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

“அத்தை, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரொம்ப எரியுது.”

ரவிக்கையை விலக்கிக் காட்டினாள். இரண்டு அக்குளிலும் நடுக்குழி சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கட்டி, சில இடங்களில் தோல் உரிந்து நீர் கசிந்தது.

அவளுக்கு 26 வயது. பத்து பெரண்டாமில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தலை முதல் கால் வரை மூடும் உடைக்குள் 12 மணி நேரம் நிற்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் யாரோ மூக்கைப் பொத்திக் கேலி செய்த நாளிலிருந்து டியோடரண்ட் போடாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. பத்து வருடமாக ஒரே ரோல்-ஆன். மூன்று வாரத்துக்கு முன் அரிப்பு ஆரம்பித்ததும், அதற்குச் சக்தி குறைந்துவிட்டது என்று நினைத்து வாசம் தூக்கலான ஸ்பிரே ஒன்றை வாங்கியிருக்கிறாள். பிறகு எலுமிச்சைச் சாறு. பிறகு சோடா மாவு. கடைசியாக பாசார் மாலாமில் வாங்கிய, பெயரும் ஊரும் இல்லாத ஒரு கிரீம்.

வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மூன்று வாரமாக எரிகிற இடத்தில் இன்னும் இன்னும் எதையாவது பூசியிருக்கிறாள். அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அக்குளைக் காட்ட வெட்கப்பட்டு, புண் முற்றிய பிறகு வந்த பெண்களையும் பையன்களையும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

ஆசிட் சொல்லித் தந்த பாடம்

மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் போடப்பட்டது. இந்த மண்ணின் பழைய குடும்பங்களில் பாலும் ஆசிட்டும் தெரியாதவர்கள் குறைவு. என் அம்மா ஜாசின் பக்கம் தோட்டத்தில் மரம் சீவியவர். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கையில் தெறித்தால், “தண்ணியில கழுவு, கழுவிக்கிட்டே இரு, வேற எதையும் அள்ளிப் பூசாத” என்பார். அக்குள் எரிச்சலுக்கும் முதல் வைத்தியம் அதுதான்.

டியோடரண்டால் வரும் பாதிப்பு இரண்டு வகை. முதலாவது எரிச்சல். ஆசிட் மாதிரி, யார் தோலில் பட்டாலும் எரியும். சவரம் செய்த கையோடு ஸ்பிரே அடித்தால் அதிலுள்ள ஆல்கஹால் சுள்ளென்று காந்துகிறதே, அது இந்த வகை. சோடா மாவு கலந்த ‘இயற்கை’ டியோடரண்டும் இப்படிச் செய்யும். நம் தோல் இலேசான புளிப்புத்தன்மை உள்ளது. சோடா மாவு அதற்கு நேர் எதிர்.

இரண்டாவது ஒவ்வாமை. ஒரு பொருளை உடம்பு எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டு, அது மறுபடி பட்டவுடன் சண்டைக்குக் கிளம்புவது. இது உடனே தெரியாது. அரை நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பும் கொப்புளமும் வரும். பத்து வருடம் ஒன்றும் செய்யாத பொருளும் ஒரு நாள் ஒவ்வாமையாக மாறலாம். “இத்தனை நாள் இதைத்தானே போட்டேன்” என்று அண்ணன் மகள் ஏமாந்தது இங்கேதான்.

டியோடரண்டில் இந்த ஒவ்வாமையை அதிகம் கிளப்புவது வாசனைப் பொருள்கள். ‘லைரல்’ என்ற வாசனைப் பொருளால் பலருக்கு ஒவ்வாமை வந்ததால், அது சேர்ந்த அழகுப் பொருள்களை விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் முற்றாக நிறுத்தியது. லவெண்டர், டீ ட்ரீ போன்ற செடி எண்ணெய்களுக்கும் சிலர் தோல் ஒத்துழைக்காது.

முதல் மூன்று நாள்

டியோடரண்ட், சென்ட், வாசனைப் பவுடர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாதாரணத் தண்ணீரால் கழுவுங்கள். சோப்பு வேண்டுமென்றால் வாசனை இல்லாதது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம் அக்குளில் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். நீர் கசிந்தால் காலமைன் லோஷன் இதம் தரும். காய்ந்து உரிந்தால் வாசனையில்லாத வாஸ்லின் மெல்லிசாகப் போதும்.

தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். தோல் ஆறும்வரை சவரமும் வேக்சிங்கும் வேண்டாம். மஞ்சள், எலுமிச்சை, பற்பசை, தைலம் எதுவும் வேண்டாம். மஞ்சளையும் வேப்பிலையையும் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். உரிந்த தோலில் எது பட்டாலும் அது இன்னொரு தொந்தரவுதான்.

அரிப்பு தாங்காவிட்டால் பார்மசியில் மருந்தாளரிடம் காட்டி, 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம் போடலாமா என்று கேளுங்கள். மெல்லிசாக, சில நாள் மட்டும். அக்குள் தோல் மெல்லியது, மடிப்பில் இருப்பதால் மருந்தை அதிகமாக உறிஞ்சும். வீட்டில் கிடக்கும் வீரியமான ஸ்டீராய்டு கிரீமை அங்கே தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து வரி வரியாகிவிடும். அந்த வரிகள் போகாது. அரிப்புக்குச் சாப்பிடும் பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிள் ஓட்டாதீர்கள்.

பாசார் மாலாம் கிரீமையும் அவளைக் குப்பையில் போடச் சொன்னேன். மலேசியாவில் முறைப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு, ‘நோட்’ என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏயின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த கிரீம்களை அந்த நிறுவனம் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

டாக்டரிடம் எப்போது?

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம் போங்கள். உதடும் முகமும் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 999. ஒரு வாரத்தில் குறையவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள்.

எல்லா அக்குள் பிரச்சினைக்கும் டியோடரண்ட் காரணமாகாது. நடுக்குழியை விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் அரித்தால் சட்டைச் சாயத்தைச் சந்தேகப்படலாம். சிவப்பைச் சுற்றிச் சிறு புள்ளிகள் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். வலிக்கும் கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு நோய். அரிப்பே இல்லாமல் வெல்வெட் துணி மாதிரி கறுத்துத் தடித்தால், அழுக்கு என்று தேய்க்காமல் இரத்தத்தில் இனிப்பைச் சோதித்துப் பாருங்கள்.

அண்ணன் மகளுக்குத் தோல் ஆறிய பிறகு, அரசாங்க மருத்துவமனையின் தோல் பிரிவில் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். திங்கட்கிழமை முதுகில் சிறு சிறு மருந்து வில்லைகளை ஒட்டி, புதன்கிழமை எடுத்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. முடிவு, வாசனைப் பொருள் ஒவ்வாமை. அதே வாசனைப் பொருள்கள் அவள் ஷாம்புவிலும் துணி மென்மையாக்கும் திரவத்திலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், வீட்டிலுள்ள ஒவ்வொரு புட்டியையும் திருப்பிப் படித்தாள்.

நீங்களும் படியுங்கள். பின்பக்கத்தில் ‘ஃபிராக்ரன்ஸ்’ அல்லது ‘பார்ஃபம்’ என்று இருந்தால் வாசனை சேர்த்தது. முன்பக்கத்தில் ‘அன்சென்டட்’ என்று போட்டிருந்தாலும் வாடையை மறைக்க வாசனை கலந்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதைத் தேடுங்கள். புதிதாக வாங்கியதை நேரே அக்குளில் போடாமல், முழங்கையின் உள்பக்கம் சிறு வட்டமாக, தினம் இரண்டு முறை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். அரித்தால் அது உங்களுக்கு வேண்டாம்.

வாடைக்கு என்ன செய்வது?

வியர்வைக்கு வாடை ஏறக்குறைய இல்லை. அக்குளில் வாழும் கிருமிகள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. ஆகவே கழுவி, நன்றாகக் காயவைத்து, சட்டையை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. அவள் இப்போது பையில் ஒரு பருத்தி உள்சட்டை கூடுதலாகக் கொண்டுபோகிறாள். இடைவேளையில் கழுவித் துடைத்து மாற்றிக்கொள்கிறாள். வாசனையில்லாத ரோல்-ஆன் ஒன்று ஒத்துக்கொண்டது.

அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாளே, அன்று இரவே அவளே சொல்லிவிட்டாள். அண்ணி திட்டவில்லை, ஈரத் துணியைப் பிழிந்து கையில் கொடுத்தார். “முதல் நாளே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதே” என்று மட்டும் சொன்னார்.

பெற்றோர்களே, வளரும் பிள்ளையின் உடம்பு வாடையைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசாதீர்கள். தனியாக, சாதாரணமாகச் சொல்லுங்கள். அப்போதுதான் அங்கே ஒரு புண் வந்தாலும் பிள்ளை உங்களிடம் வந்து காட்டும்.