கடல் கடக்கும் ஊறுகாய்க்கு ஒரு சான்று

சித்தூர்த் தோத்தாபுரி மாங்கூழ் பல நாடுகளுக்குச் செல்வதை அன்பர்கள் அறிவீர்கள். திருப்பதியில் ஊறுகாய், அப்பளம் செய்து பிழைக்கும் நம் குடும்பங்களும் அயல்நாட்டு வாணிபத்தை விரும்பின் ஒன்று அறிதல் வேண்டும்.

பண்டத்தைப் பதிவு செய்யும் அயல்நாட்டு அதிகாரிகள் பலர், “இது உங்கள் நாட்டில் தடையின்றி விற்கப்படுகிறதா?” என வினவுவர். அதற்கு விடையே தடையற்ற விற்பனைச் சான்றிதழ். இதனை உரிய அரசு அமைப்பு வழங்குகிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் பெறுதல் அதற்கு முற்படி.

ரயில் ரசீதில் பெயர் மாறினால் மூட்டை உரியவர் கைசேராது. அங்ஙனமே உரிமம், சான்று, புட்டிச் சீட்டு மூன்றிலும் பெயர் ஒன்றாயிருக்கட்டும். சரக்கு துறைமுகத்தில் தேங்கினால் நட்டம் ஏழை வீட்டிற்கே. வாங்குவோரிடம் அந்நாட்டு விதியை எழுத்தில் பெற்ற பின்னரே சரக்கை அனுப்புங்கள்.