கூலி இழப்பும் மருத்துவச் செலவே

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் ஏழை நோயாளிக்கு மருத்துவர் கட்டணம் இல்லை. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்குவதால் மாத்திரைக்கும் விலை இல்லை. பிற மாநிலங்கள் பின்பற்ற முனைந்த இந்த ஏற்பாடு பெருமைக்குரியதே. ஆயினும் நாள்கூலியை நம்பி வாழும் குடும்பம் இலவசச் சிகிச்சைக்கும் ஒரு விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது: மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் இழக்கும் கூலி. இவ்விழப்பையும் மருத்துவச் செலவாகவே கருதி அரசு ஈடுசெய்ய வேண்டும்.

இழப்பு எவ்வாறு பெருகுகிறது என்பதைச் சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளில், அதாவது நீர்நிலைக் கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்தோரை அகற்றி அரசு குடியமர்த்திய இடங்களில், தெளிவாகக் காணலாம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளி அமைந்தவை. அங்கிருந்து பெரிய அரசு மருத்துவமனைக்கு வரும் வீட்டுவேலைப் பெண்ணோ சித்தாளோ ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்து, ரத்தம் கொடுத்துவிட்டு வெளிவரும்போது வேலைக்குப் போகும் நேரம் கடந்துவிடுகிறது; சோதனை முடிவுக்கு மறுநாளும், ஸ்கேனுக்கு வேறொரு நாளும் வரச் சொன்னால், ஒரே நோய்க்கு மூன்று நாள் கூலி போகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது பயணச் செலவைக் குறைக்கிறதே தவிர, போன பொழுதை மீட்டுத் தருவதில்லை.

கூலி இழப்புக்கு அஞ்சுவோர் முதலில் தள்ளிப்போடுவது, சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு போன்ற, தொடக்கத்தில் வலி காட்டாத நோய்களுக்கான சோதனையைத்தான். அவை முற்றிச் சிறுநீரகமோ இதயமோ பழுதடைந்து உள்நோயாளியாகச் சேரும் நிலை வந்த பின்னரே, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் துணைக்கு வருகிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்த்து இடைவெளியைக் குறைத்திருக்கிறது. ஆனால் மேற்பரிசோதனைக்கும் சிறப்பு மருத்துவரின் ஆலோசனைக்கும் நோயாளி ஒரு நாள் வேலையை விட்டே ஆக வேண்டும்.

நோயுற்ற தொழிலாளிக்கு மருந்துடன் வருவாயும் வேண்டும் என்பதைச் சட்டம் 1948-லேயே ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் உருவாக்கிய, மக்கள் ஈ.எஸ்.ஐ. என்றறியும் ஏற்பாட்டில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தகுதியுள்ள தொழிலாளி, நோய்க்கால உதவியாகத் தம் ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெறலாம். நிலையான முதலாளியோ பணிப்பதிவோ இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்களோ இதற்கு வெளியே நிற்கிறார்கள். பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படுவோருக்கே அது எட்டாமலிருப்பதை நியாயப்படுத்த முடியாது.

நிதிச்சுமை கூடும், முறைகேடு பெருகும் என்ற தடைகள் எழுப்பப்படலாம். ஆனால் இக்கொள்கை அரசுக்குப் புதிதன்று. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், கருவுற்ற ஏழைப் பெண்களின் ஊட்டத்தையும் வருவாய் இழப்பையும் கருதியே 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியை அளிக்கிறது; காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிய மத்திய அரசு, 2024-இல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. இத்தொகைகள் பயனாளிகளின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர முடியுமெனில், மருத்துவமனைப் பதிவை ஆதாரமாகக் கொண்டு கூலி ஈட்டையும் சேர்க்க முடியும். முற்றிய நோய்க்குச் செலவிடுவதைவிட, நோயைத் தொடக்கத்திலேயே பிடிக்க உதவும் செலவு சிக்கனமானதும் ஆகும்.

எனவே, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவுபெற்றோருக்கு, மருத்துவர் குறித்துக் கொடுக்கும் பரிசோதனை நாட்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை ஈடாக வழங்கும் திட்டத்தை மாநில அரசு கொண்டுவர வேண்டும். அதன் தொடக்கக் களமாக மறுகுடியமர்வுப் பகுதிகள் அமையட்டும். அப்பகுதிகளின் நகர்ப்புற மருத்துவ நிலையங்களில் மாலை நேரச் சிகிச்சைக்கு மருத்துவரும் ஆய்வகப் பணியாளரும் உறுதிசெய்யப்பட்டு, வழக்கமான ரத்தப் பரிசோதனை முடிவுகள் அன்றே தரப்பட வேண்டும். கட்டணத்தை நீக்கிய அரசு, அந்தச் சிகிச்சையைப் பெறுவதற்காகக் கூலியை இழப்பவர்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதற்கான ஒதுக்கீடு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெறட்டும்.