ஆன்மக் குறிப்பேடு யாருக்காக?

நம் பைகளிலுள்ள நோட்டுகளை எண்ணிப் பார்த்தால் பத்துக்குக் குறையாது. கணக்கு நோட்டு, வரைபட நோட்டு, கட்டுரை நோட்டு, வீட்டுப்பாட நோட்டு என ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, குறித்த நாளில் ஆசிரியையின் மேசைமேல் அடுக்கிவிடுகிறோம். ஞான ஒடுக்கம் வந்தால் இவற்றோடு இன்னொரு நோட்டும் சேர்ந்துகொள்கிறது. ஜெபமாலை சொன்னாயா, கோபப்பட்டாயா, பெற்றோருக்குக் கீழ்ப்படிந்தாயா என்று கட்டம் கட்டி, நாள்தோறும் சரி அடையாளமோ பெருக்கல் அடையாளமோ இடவேண்டிய நோட்டு அது. அதையும் அடுக்கிவைக்க வேண்டும். அடுக்கிவைக்க வேண்டிய எந்த நோட்டிலும் பெருக்கல் அடையாளத்தைவிடச் சரி அடையாளமே அதிகம் விழும் என்பதை அறிய மனநூல் படித்திருக்க வேண்டியதில்லை.

நல்ல எண்ணத்தோடுதான் பெரியவர்கள் இதனைச் செய்யச் சொல்கிறார்கள். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், பிறர் பார்ப்பதற்காக எழுதப்படும் குறிப்பேடு எழுதியவளுக்கு வழிகாட்டாது என்பது பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்கள் தாழ்மையான கருத்து. அதற்கான காரணங்களைப் புனிதர்களின் வாழ்விலிருந்தே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

எண்ணிக் கணக்கு வைப்பதை நாங்கள் இகழவில்லை. புனித குழந்தை தெரேசம்மாளே அதனைச் செய்தவர். 1884-ம் ஆண்டு மே மாதம் அவர் புதுநன்மை வாங்கினார். அதற்கு ஆயத்தமாக அவருடைய அக்காள் பவுலின் ஒரு சிறு புத்தகம் தயாரித்துக் கொடுத்தார். சிறுமி செய்த ஒறுத்தல்களும் சொன்ன சிறு ஜெபங்களும் மலர்களாக அதில் கணக்கிடப்பட்டன. நம் பள்ளிகளில் நாம் கட்டித்தரும் ஞான மலர்க்கொத்துக்கும் அதற்கும் அதிக வேற்றுமை இல்லை. அப்போது அவருக்கு வயது 11. அதே தெரேசம்மாள் 1895-ல், தம் 22-ம் வயதில், லிசியே கார்மேல் மடத்தில், அங்கே தலைவியாயிருந்த அதே அக்காளின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நோட்டில் தம் வாழ்வை எழுதத் தொடங்கினார். அதில் மலர்க் கணக்கு இல்லை. தம் ஆன்மாவில் ஆண்டவர் காட்டிய இரக்கத்தைத்தான் எழுதினார். 1897-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு அந்நூல் அச்சாகி உலகெங்கும் பரவிற்று. 1997-ல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. 11 வயதில் கணக்கு வைத்தவர் 22-ல் கணக்கைத் தாண்டிவிட்டார். நமக்கு வயது 15. இரண்டுக்கும் நடுவே நிற்கிறோம்.

கணக்கைத் தாண்டி எழுதுவதற்கு வழி சொன்னவர் புனித இஞ்ஞாசியார். 1521-ல் பம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தார். வீரர்களின் கதைப் புத்தகம் கேட்டார். அவ்வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துநாதரின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே. வேறு வழியின்றிப் படித்தவர், பிறகு விருப்பத்தோடு படித்தார். பிடித்த பகுதிகளை ஒரு ஏட்டில் எழுதியும் வைத்தார். கிறிஸ்துநாதரின் வார்த்தைகளைச் சிவப்பு மையிலும் தேவமாதாவின் வார்த்தைகளை நீல மையிலும் எழுதினாராம். (வண்ண மை மீதுள்ள ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல போலும்!) அந்தப் படுக்கையில்தான் அவர் ஒன்றைக் கவனித்தார். உலகப் புகழைப் பற்றிக் கனவு காணும்போது மனம் இனித்தது. கனவு கலைந்ததும் வறண்டுபோயிற்று. புனிதர்களைப்போல் வாழ்வதை எண்ணும்போதும் மனம் இனித்தது. ஆனால் எண்ணி முடித்த பின்னும் அந்த மகிழ்ச்சி நீங்கவில்லை. ஓர் எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை அது வரும்போது அறிய முடியாது, அது போன பிறகு விட்டுச்சென்ற சுவடைக்கொண்டே அறியலாம் என்று அவர் கண்டுகொண்டார்.

போன பிறகு மனம் எப்படி இருந்தது என்பது மறுநாளே நமக்கு மறந்துவிடும். அதற்காகத்தான் எழுத்து. எனவே ஆன்மக் குறிப்பேட்டின் பயன் எழுதும் இரவில் பாதிதான். மூன்று வாரம் கழித்துத் திருப்பிப் படிக்கும் இரவில் மீதி கிடைக்கிறது.

ஒரு மாணவியின் ஏட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு திங்கட்கிழமை அம்மாவிடம் எரிந்து விழுந்ததாக எழுதியிருக்கிறாள். பத்து நாள் கழித்துத் தம்பியை அடித்தது வருகிறது. பிறிதொரு நாள், பக்கத்து இருக்கைத் தோழியோடு காரணமின்றிப் பேசாதிருந்தது. தனித்தனியே பார்த்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய மூன்று குற்றங்கள், அவ்வளவே. மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போது வேறொன்று தெரியவருகிறது. அம்மூன்று நாட்களும் விடைத்தாள் கொடுத்த நாட்கள். மூன்று முறையும் வகுப்பில் வேறொருத்தி கூடுதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அம்மாவும் தம்பியும் செய்த பிழை ஏதுமில்லை. கோபம் என்று அவள் நினைத்தது உண்மையில் பொறாமை. கட்டம் போட்ட நோட்டில் கோபத்துக்கு ஒரு வரிசை இருந்தது, பொறாமைக்கு இல்லை. அவள் கோபத்தோடு ஓராண்டு போராடியிருந்தாலும் நோய் அப்படியே இருந்திருக்கும்.

இஞ்ஞாசியாரும் கோடு போட்டுப் புள்ளி வைக்கச் சொன்னாரே என்று மறைக்கல்வி ஆசிரியைகள் கேட்கலாம். மெய்தான். 1548-ல் பாப்பரசர் 3-ம் சின்னப்பரின் அங்கீகாரம் பெற்ற அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் அதற்கு வரைபடமே உண்டு. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள். எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளிகள். நேற்றைக்கும் இன்றைக்கும், சென்ற வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அது குறிப்பிட்ட ஒரே ஒரு குற்றத்தைத் திருத்துவதற்கானது. எந்தக் குற்றம் என்பதை அவரவர் தம் மனதை ஆராய்ந்து தேர்ந்துகொள்வது. முப்பது பேருக்கு ஒரே பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது அவர் முறையன்று.

அவர் தமக்காக எழுதியதையும் பார்ப்போம். 1544-ல் உரோமையில் அவர் முன் ஒரு கேள்வி நின்றது. இயேசு சபையின் கோவில்களுக்கு நிலையான வருமானம் இருக்கலாமா, கூடாதா? வருமானம் இருந்தால் என்ன நன்மை, இல்லாவிட்டால் என்ன நன்மை என்று தாளில் எழுதினார். பின்னர் பிப்ரவரி 2-ம் நாள் தொடங்கி ஏறத்தாழ நாற்பது நாட்கள், நாள்தோறும் திருப்பலியில் அதனை ஒப்புக்கொடுத்து, மனம் எந்தப் பக்கம் அமைதி கண்டது என்று குறித்துக்கொண்டே வந்தார்.

இந்த வழி நம்மைப் போன்றவர்களுக்கு உடனே உதவக்கூடியது. பொதுத்தேர்வு முடிந்தவுடன் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்ற கேள்வி நம் ஒவ்வொருத்தி முன்னும் நிற்கிறது. பெரியப்பா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அக்காள் ஒன்று சொல்வாள், தோழியர் எல்லாரும் சேர்ந்து ஒரே பிரிவு எடுப்போம் என்பார்கள். மதிப்பெண் வந்த பிறகு ஓரிரு நாளில், விண்ணப்பப் படிவம் வாங்கும் வரிசையில் நின்றுகொண்டு முடிவு செய்வதைவிட, இப்போதிருந்தே இஞ்ஞாசியாரைப் பின்பற்றலாமே. அறிவியல் எடுத்ததாக ஒரு வாரம் மனதில் வைத்து ஜெபித்து எழுதுவது. வணிகவியல் எடுத்ததாக மறுவாரம். எந்த வாரத்தில் மனம் துள்ளியது என்று பார்ப்பதைவிட, துள்ளல் அடங்கிய பின் எந்த வாரத்தில் அமைதி தங்கியது என்று பார்க்க வேண்டும். கன்னியர் மடத்தில் சேரலாமோ என்று இரகசியமாய் எண்ணுகிற ஓரிருவருக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. அத்தகைய எண்ணத்தைக் கட்டத்தில் நிரப்பி மேசைமேல் எப்படி அடுக்குவாள்?

இங்கேதான் பெற்றோரையும் அருட்சகோதரியரையும் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். இஞ்ஞாசியார் தம் வரலாற்றைச் சொல்லச்சொல்ல எழுதிய குருவானவர், அவருடைய குறிப்புக் கட்டைப் பார்க்கக் கேட்டார். இஞ்ஞாசியார் சில பகுதிகளை வாசித்துக் காட்டினார். கட்டைக் கையில் கொடுக்க மறுத்துவிட்டார். சபைத் தலைவரான ஒரு புனிதருக்கே அந்த மறைவு தேவைப்பட்டதென்றால், 15 வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு தேவை! தலையணைக்கு அடியிலிருக்கும் நோட்டை அம்மா எடுத்துப் பார்த்தாள் என்று தெரிந்த அன்றே மகள் எழுதுவதை நிறுத்திவிடுவாள். நிறுத்தாவிட்டால், அம்மாவுக்காக எழுதத் தொடங்குவாள். இரண்டாவது முதலாவதைவிட மோசமானது. பெண் பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்று அம்மாமார் அஞ்சுவது எங்களுக்குப் புரிகிறது. ஆண்டவரிடம் சொல்வதை அம்மாவிடம் சொல்லாதிருப்பது மறைப்பதாகாது என்று மட்டும் பணிவோடு சொல்கிறோம்.

அப்படியானால், யாரும் பாராமல் எழுதி எழுதி, தோன்றுவதெல்லாம் தேவ சித்தம் என்று ஒருத்தி நம்பிவிட மாட்டாளா? இது நியாயமான அச்சம்தான். இதற்குப் போலந்து நாட்டுக் கன்னியர் புனித பவுஸ்தீனாவின் வாழ்வில் பதில் இருக்கிறது. மூன்று ஆண்டுகூடப் பள்ளியில் முழுமையாகப் படியாத அவர், தம் ஆன்ம குருவின் சொற்படி 1934-ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அந்தக் குரு ஊரில் இல்லாத சமயம், சம்மனசு என்று தாம் நம்பிய ஓர் உருவம் சொன்னதாக எண்ணி, எழுதியதை எரித்துவிட்டார். குரு திரும்பி வந்து, மீண்டும் எழுதும்படி சொன்னார், எழுதினார். 1938-ல் அவர் மரித்தபோது விட்டுச்சென்ற நோட்டுகள் ஆறு. 2000-ம் ஆண்டு அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. தனியே இருந்தபோது அவருடைய ஏடு சாம்பலாயிற்று. வழிகாட்டி ஒருவர் இருந்ததால் அது மறுபடி உருவாயிற்று. எனவே பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமோ, மனதுக்கு இசைந்த ஓர் அருட்சகோதரியிடமோ நாமே போய், நாம் கண்டதைச் சொல்லவேண்டும். நோட்டைக் கொண்டுபோக வேண்டியதில்லை. வாயால் சொன்னால் போதும். கேட்கப்படுமுன் சொல்வதற்கும், கேட்டுப் பறிக்கப்படுவதற்கும் எத்தனை தூரம்!

எழுதத் தொடங்குபவர்கள் அழகாக எழுத முயலவேண்டாம். கட்டுரை நோட்டுக்கு அது போதும். ஐந்து வரி எழுதினாலே அதிகம். நன்றி சொல்லவேண்டியது ஒன்று, மனம் இனித்தது ஒன்று, மனம் கசந்தது ஒன்று, அந்தக் கசப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பது, நாளைக்கு வேண்டிய வரம். தேதி மட்டும் தவறாமல் போடவேண்டும். தேதியில்லாத பக்கம் பின்னால் ஒன்றுக்கும் உதவாது. ஆண்டுப் பிறப்பில் கடைகள் கொடுக்கும் டைரியும் வேண்டாம் என்போம். எழுதாத நாட்களின் வெற்றுப் பக்கம் நம்மைப் பார்த்து முறைக்கும். 80 பக்கக் கோடு போட்ட நோட்டில் எழுதிய நாட்கள் மட்டுமே இருக்கும்.

ஒன்றும் தோன்றாத நாளில் ஒன்றும் தோன்றவில்லை என்றே எழுதலாம். அன்னை தெரேசா தம் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் 2007-ல் நூலாக வந்தபோது, நெடுங்காலம் அவர் மனம் இருளில் இருந்தது என்று உலகம் வியந்தது. அக்கடிதங்களை அழித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வோம்.

எழுத்து ஒன்றே வழி என்றும் சொல்லமாட்டோம். தேவமாதா நிகழ்ந்தவற்றையெல்லாம் தம் இதயத்தில் வைத்திருந்தார் என்று புனித லூக்காஸ் இரண்டு இடங்களில் சொல்கிறார். ஏட்டில் எழுதியதாகச் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் இரவு ஜெபமாலை முடிந்த பின்னும் எழாமல் சற்று நேரம் பேசாது உட்கார்ந்திருப்பதும் இதே வேலைதான். நமக்கு அவ்வளவு ஞாபகசக்தியும் பொறுமையும் இல்லை, பேனா இருக்கிறது.

பாப்பரசர் 23-ம் அருளப்பர் வட இத்தாலியின் ஒரு சிற்றூரில் பிறந்த குடியானவர் மகன். 1895-ல் பெர்கமோ குருமடத்தில் ஆன்மக் குறிப்பு எழுதத் தொடங்கியபோது அவருக்கு நம் வயதுகூட இல்லை. தம் 14-ம் வயதில் இருந்தார். முதல் ஏடுகள் நிறைய விதிகளும் பிரதிக்கினைகளும்தாம். 1903-ல், பல ஆண்டுகள் எழுதிய பிறகு, ஒரு பக்கத்தில் வேறு குரல் கேட்கிறது. புனித ஞானப்பிரகாசியார் செய்ததையெல்லாம் அப்படியே தாமும் செய்ய முயன்றது சரியான வழியன்று, புனிதர்களின் புண்ணியத்தின் சாரத்தை எடுத்துத் தம் இயல்புக்கும் நிலைமைக்கும் பொருத்திக்கொள்வதே வழி என்ற கருத்தை அதில் எழுதிவைத்தார். இதனை யாரும் அவருக்குக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்க முடியாது. பாப்பரசரான பின்னும், 1963-ல் இறப்பதற்கு முந்தின ஆண்டுவரை, அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞான ஒடுக்கத்தில் எங்களுக்கு இரண்டு சலுகைகள் வேண்டும். இரண்டாம் நாள் மாலையில் பாட்டும் பிரசங்கமும் இல்லாத அரைமணி நேரம், பழைய பக்கங்களைத் திருப்பிப் படிப்பதற்கு. மூன்றாம் நாள் முடிவில், அந்த ஒரு நோட்டை மட்டும் மேசைமேல் அடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி.