ஓங்கித் தட்டினால் மாறுவது என்ன?

பியானோ வாத்தியத்தில் ஏதேனும் ஒரு கட்டையை முதலில் மெல்லத் தட்டுங்கள். பிறகு அதையே ஓங்கித் தட்டுங்கள். மாறியது என்னவென்று கேட்டால், "சப்தம் பெரிதாயிற்று, வேறென்ன?" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். இவ்விடை பாதி உண்மை. மற்றப் பாதியை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் சுருதியைக் கவனிப்போம். தந்தியின் சுருதி அதன் நீளம், கனம், இழுப்பு ஆகிய மூன்றையும் பொறுத்தது. பிரெஞ்சுத் துறவியான மெர்சேன் 1636-ல் வெளியிட்ட நூலிலேயே இந்த விதியைக் காணலாம். தட்டும் வேகத்துக்கு அதில் இடமில்லை. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. பலமாக அடிபட்ட தந்தி அகலமாக வீசியாடும், ஆடுகையில் சற்றே நீளும், நீளவே இழுப்பு மிகும், சுருதியும் ஏறும். தளர்ந்த தந்தியில் இதைக் காதாலேயே அறியலாம். பியானோவிலோ ஒவ்வோர் எஃகுத் தந்தியும் ஏறக்குறைய ஓர் ஆளின் எடையளவு பாரத்தால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவு இறுக்கத்துக்கு முன் ஓர் அடியால் கூடும் இழுப்பு அற்பமே. ஆகவே சுருதி முதற்கணத்தில் இம்மியளவு ஏறி, ஆட்டம் தணியத் தணியப் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது.

மெய்யாக மாறுவது நாதத்தின் குணம். தந்தி தன் முழு நீளத்தில் ஆடும்போதே இரண்டு, மூன்று, நான்கு பகுதிகளாகவும் பிரிந்து ஆடுகிறது. வினாடிக்கு 220 துடிப்புள்ள ஸ்வரம் எழும்போது ஏறக்குறைய 440, 660, 880 துடிப்புள்ள உபஸ்வரங்களும் கூடவே எழுகின்றன. இவற்றின் விகிதமே நாதத்துக்கு இனிமையையோ கடுமையையோ தருகிறது.

அந்த விகிதத்தை நிர்ணயிப்பதில் சுத்தியின் தலையிலுள்ள கம்பளிக்குப் பெரும் பங்குண்டு. மெல்லத் தொட்டால் அது மெத்தை போல் நெகிழ்ந்து, தந்தியின்மேல் சற்று அதிக நேரம் தங்கி, மேல் உபஸ்வரங்களை எழவொட்டாமல் அமுக்கிவிடும். வேகமாக மோதினாலோ நசுங்கிக் கெட்டிப்பட்டு, விரைவில் விலகிவிடும். மேல் உபஸ்வரங்கள் தாராளமாய்க் கிளம்பும். ரேடியோவின் ஒலியை எவ்வளவு குறைத்து வைத்தாலும், வாசிப்பவர் ஓங்கித் தட்டிய இடம் நமக்குப் புலனாவது இதனால்தான். பழகிப் பழகிக் கம்பளி இறுகிப்போனால் மெல்லிய வாசிப்பும் கடூரமாகிவிடும். அப்போது தொழில் தெரிந்தவர் ஊசியால் குத்தி அதை இளக்குவார்.

இந்த மோதலின் கணக்கை ஆராய்ந்தவர்களில் நம் சி. வி. ராமனும் ஒருவர். ஜெர்மன் விஞ்ஞானி காஃப்மன் வகுத்த கொள்கையைப் பற்றி அவரும் பானர்ஜியும் எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் சொஸைட்டி 1920-ல் வெளியிட்டது. ராமன் அப்போது கல்கத்தாவில் பேராசிரியர். ஒளியாராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1930-ல். ஐரோப்பாவில் பிறந்த வாத்தியத்தின் மர்மத்தை அந்நாட்டாருக்கே எடுத்துச் சொல்லும் தகுதி, அடிமைப்பட்டிருந்த நாளிலேயே நம்மவருக்கு இருந்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

நிற்க. வாத்தியம் பயிலுவோருக்கு இதில் ஒரு பாடமுண்டு. பியானோவின் அமைப்புப்படி, சுத்தி தந்தியை எட்டுவதற்குச் சற்று முன்பே விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதன்பின் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும், விரலை எப்படி நெளித்தாலும் அந்த அடி மாறாது. அமெரிக்காவில் ஹார்ட், புல்லர், லஸ்பி என்ற மூவர் 1934-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதை உறுதிப்படுத்துகிறது. சுத்தியின் வேகம் ஒன்றாயிருந்தால், தட்டியது கலைஞரின் விரலாயினும் யந்திரமாயினும் தனி ஸ்வரத்தின் நாதம் ஒன்றே.

ஆகையால் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது "சப்தத்தைக் குறை" என்று அதட்டுவதோடு நின்றுவிடலாகாது. தட்டும் வேகம் மாறினால் நாதத்தின் குணமும் மாறும் என்பதை அவர்கள் காதாலேயே உணரும்படி செய்ய வேண்டும். ஒரே கட்டையைப் பத்து விதமான வேகத்தில் தட்டச் சொல்லிக் கேட்கச் செய்யுங்கள். விரலுக்கு முன்னே காது பழக வேண்டும்.