பல் டாக்டர் பட்டத்துக்கு அமெரிக்காவில் என்ன மதிப்பு?

கீழ்பென்னாத்தூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா வேர்க்கடலை பயிரிடுகிறவர். மகள் அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது பல் டாக்டர் ஆகிவிட்டாள். "அமெரிக்காவுக்குப் போனால் நன்றாகச் சம்பாதிக்கலாமே!" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

குடும்பம் கற்பனை. ஆனால் கேள்வி கற்பனை அல்ல. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவப் படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கி, தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டு சட்டம் வந்தது. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. பல் மருத்துவம் 4 ஆண்டு படிப்பு, 1 ஆண்டு பயிற்சி. அன்று சேர்ந்த முதல் அணி அதை முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. அடுத்தது என்ன என்று பல வீடுகளில் பேச்சு நடக்கிறது.

நேரே போய் வைத்தியம் பார்க்க முடியுமா?

முடியாது! பல் என்னவோ எல்லா நாட்டிலும் 32 தான். ஆனால் ஒரு நாட்டுப் பட்டம் இன்னொரு நாட்டில் அப்படியே செல்லாது.

அமெரிக்காவில் அங்கே அங்கீகாரம் பெற்ற பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் பொதுவாக லைசென்ஸ் கிடைக்கும். லைசென்சை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுக்கிறது. வெளிநாட்டில் படித்தவர்களுக்காகப் பல கல்லூரிகள் 2 அல்லது 3 ஆண்டு படிப்பு நடத்துகின்றன. முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம், நடுவில் சேர்ந்துகொள்ளலாம். அப்படிச் சேர விரும்பும்போதுதான், "உன் இந்தியப் பட்டம் எங்கள் கணக்கில் எவ்வளவு பெறும்?" என்று கல்லூரி கேட்கிறது.

மார்க்கை எடைபோடும் நிறுவனங்கள்

அதைச் சொல்வதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. நியூயார்க்கில் உள்ள 'வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ்' 1974-ல் தொடங்கியது. மில்வாக்கி நகரத்தில் உள்ள 'எஜுகேஷனல் கிரெடென்ஷியல் எவாலுவேட்டர்ஸ்' 1980-ல் தொடங்கியது. இவை அரசாங்க அலுவலகங்கள் அல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கை தருகிறவை.

எடைபோடுவது ஏன் தேவை? நம் ஊரில் 60 மார்க்கு வாங்கினால் முதல் வகுப்பு. பல் மருத்துவத்தில் 75 வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் 60 என்றால் தேறுவதே கஷ்டம்! மார்க்கை அப்படியே அனுப்பினால் நம் பிள்ளை மக்குப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே இந்தியாவில் மார்க்கு போடும் வழக்கத்தை அறிந்தவர்கள், ஒவ்வொரு பாடத்தையும் எடுத்து அவர்கள் முறைக்கு மாற்றித் தருகிறார்கள். மொத்தமாக "இது இன்ன பட்டத்துக்குச் சமம்" என்று ஒரு வரியில் சொல்லும் அறிக்கையும் உண்டு. அதற்குக் கட்டணம் குறைவு. குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கினால் பணம் வீண். பல் மருத்துவக் கல்லூரிகள் பொதுவாகக் கேட்பது பாடவாரியான அறிக்கைதான்.

எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்போம் என்பதைக் கல்லூரிதான் சொல்லும். ஒரு கல்லூரி ஏற்பதை இன்னொன்று ஏற்காமல் போகலாம். முதலில் கல்லூரிகளின் பட்டியல், பிறகு கட்டணம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு இரண்டு தடவை பணம் கட்டுகிறார்கள்.

கிண்டிக்கு ஒரு பயணம்

மார்க்குப் பட்டியலை நாமே நகல் எடுத்து அனுப்பினால் போதாது. எந்த ஆண்டு, எந்தப் பாடம், எத்தனை மார்க்கு என்று பல்கலைக்கழகமே எழுதி, முத்திரை வைத்து, நேராக அனுப்ப வேண்டும். இதற்கு 'டிரான்ஸ்கிரிப்ட்' என்று பெயர். தமிழ்நாட்டின் பெரும்பாலான பல் டாக்டர்களுக்கு அந்த இடம் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அது 1988-ல் செயல்படத் தொடங்கியது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தை ஒட்டித் தொடங்கும். அப்போது கிண்டிக்கு ஓடினால் காலம் போதாது. பல மாதம் முன்னதாகவே மனுப் போட வேண்டும்.

இன்னொரு தொல்லை இருக்கிறது. அதுதான் இனிஷியல்! பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பட்டத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். நமக்கு மூன்றும் ஒரே பெண். நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று பெண்கள்! ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்பென்னாத்தூரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று, மனுப் போடுவதற்கு முன்பே பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது.

அறிக்கை வந்துவிட்டால் இடம் கிடைத்துவிடுமா?

இல்லை. அறிக்கை வெறும் நுழைவுச் சீட்டு. 2020-ல் தொடங்கிய தேசியப் பல் மருத்துவத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. 2 நாள் தேர்வு, 500 கேள்விகள். ஆங்கிலத் தேர்வும் உண்டு. சில கல்லூரிகள் நேரில் அழைத்து, பிளாஸ்டிக் பல்லைக் கொடுத்து, "குடைந்து அடைத்துக் காட்டு" என்பார்கள். எல்லாம் கடந்து இடம் கிடைத்தாலும், படிப்பும் சாப்பாடும் சேர்ந்து பல கல்லூரிகளில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும்.

மற்ற நாடுகளுக்கு வழி வேறு. இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் அங்கே 2 பகுதித் தேர்வு எழுதலாம். கானடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சான்றிதழ்களைச் சரிபார்த்து, எழுத்துத் தேர்வும் கைவேலைத் தேர்வும் வைக்கிறார்கள். தேறினால் மறுபடி கல்லூரியில் சேராமலே பதிவு பெறலாம். ஆனால் இந்தத் தேர்வுகளும் எளிதல்ல, கட்டணமும் அதிகம். லண்டனுக்குப் போக நினைப்பவர் மில்வாக்கிக்குப் பணம் கட்டினால் பயன் இல்லை. எந்த நாடு என்று முடிவு செய்த பிறகுதான் எந்தத் தாள் என்று முடிவு செய்ய முடியும்.

போய்ப் படித்துத் திரும்பியவர்களும் உண்டு. டாக்டர் ரபியுதீன் அகமது அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தவர். அவர் திரும்பி வந்து 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் பல் மருத்துவர் சட்டம் வந்தது 1948-ல்தான். அந்த ஏற்பாட்டை மாற்றி, தேசிய ஆணையம் அமைப்பதற்கான சட்டம் 2023-ல் நிறைவேறியது.

கீழ்பென்னாத்தூர் வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லை. நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று அப்பா கேட்கிறார். "முதலில் டிரான்ஸ்கிரிப்டுக்கு எவ்வளவு என்று பார்க்கிறேன் அப்பா. நிலம் இருக்கட்டும்" என்கிறாள் மகள்.